குழலின் முனை எந்தப் பக்கம்?

 

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஜ்ருத் தொழுகையை முடித்துவிட்டு, மாரமங்கலம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தோம். கைபேசி ஒலித்தது. சேலத்திலிருந்து நம் ஜமாஅத்தின் பொறுப்பாளர் ஒருவர் பேசினார். ஸலாம் சொன்ன பிறகு சற்றுத் தயங்கினார். “ஹஜ்ரத், உங்கள் பிள்ளை துப்பாக்கியோடு படுத்திருப்பது போல ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பார்த்தீர்களா?” என்றார்.

சற்று நேரத்தில் அந்தப் படம் நம் கைக்கும் வந்து சேர்ந்தது. பனிமூட்டம், அறுவடை தொடங்காததால் வெறுமையாகக் கிடக்கும் காப்பிக் களம், சாக்கின் மேல் குப்புறப் படுத்திருக்கும் முக்காடிட்ட சிறுமி, அவள் தோளில் அழுந்திய துப்பாக்கி. படத்தின் கீழே யாரோ ஒருவர் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார். அவற்றை இங்கே திருப்பி எழுத நமக்கு மனமில்லை. நம் சமுதாயத்துப் பெற்றோர் எவருக்கும் அவை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

படம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அந்தத் துப்பாக்கி முழுவதும் சில்வர் ஓக் மரத்தால் ஆனது. அதன் குழலில் துளையே கிடையாது.

மாரமங்கலம் நாம் பிறந்த ஊர். சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்தில், காப்பியும் மிளகும் விளையும் சிற்றூர். நம் அத்தா இங்கே ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சிறு தோட்டம் இன்றும் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் சேலத்து மத்ரஸாவில் பாடம் நடத்திவிட்டு, சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு மலையேறிவிடுவது நம் வழக்கம்.

துப்பாக்கி இந்த மலைக்குப் புதிதன்று. வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் காலத்தில் அது வேட்டைக் கருவி. பிறகு, உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியாக அது மலைக் கிராமங்களில் மறைந்து வாழ்ந்தது. அவற்றை ஒப்படைத்துவிடுமாறு காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதைச் சேலம் மாவட்டத்தார் அறிவர். நமக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சு சுருங்கும். அதற்குக் காரணம் காவல்துறை அல்ல, நம் தம்பி.

நமக்கு அப்போது பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. உறவினர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது ஏர்கன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். முதல் நாள் கொய்யா மரத்தில் அமர்ந்திருந்த கொண்டைக்குருவி ஒன்றைச் சுட்டு வீழ்த்தினோம். அது துடித்து அடங்கியதைக் கண்டு பெருமிதம் கொண்டோம். மறுநாள், குண்டு இல்லை என்ற நினைப்பில், விளையாட்டாகத் தம்பியை நோக்கி நீட்டி விசையை அழுத்தினோம். குண்டு இருந்தது. அவன் இடது கண்ணுக்குக் கீழே, ஒரு விரற்கடை தள்ளித் தைத்தது. கண் தப்பியது அல்லாஹ்வின் கருணை. தழும்பு மட்டும் இன்றும் இருக்கிறது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் எந்தத் துப்பாக்கியையும் தொட்டதில்லை. அந்த நாளைப் பற்றித் தம்பியிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை.

ஆண்டுகள் கழிந்து மத்ரஸாவில் ஹதீஸ் பாடம் படித்தபோது அந்த நாள் மீண்டும் நம் முன் வந்து நின்றது. தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதை, அது உடன்பிறந்தவனாகவே இருந்தாலும், நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்திருக்கிறார்கள். கை நழுவுவது எப்போது என்று யாரும் அறியமாட்டார் என்பது அதன் கருத்து. பறவையைக் கட்டிவைத்துக் குறிபார்த்த இளைஞர்களை இப்னு உமர் (ரழி) அவர்கள் கண்டித்த செய்தியும் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. உயிருள்ள எதையும் விளையாட்டு இலக்காக்குதல் கூடாது என்பது அதன் பாடம். இந்த இரண்டையும் மாணவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். விளக்கும்போதெல்லாம் கொய்யா மரம் கண்முன் நிற்கும்.

ஆகவே, பத்தாம் வகுப்புப் படிக்கும் நம் மகள், “அத்தா, என்.சி.சி.யில் என்னைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்” என்று மகிழ்ச்சியோடு வந்து சொன்னபோது, நாம் உடனே மறுத்துவிட்டோம். அவள் காரணம் கேட்டாள். நாம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத மறுப்பைப் பிள்ளைகள் நீதியாக ஏற்பதில்லை. இரண்டு வாரம் அவள் நம்மோடு அளந்துதான் பேசினாள்.

அவள் முறையிட்டது நம் தோட்டத்து அண்டை வீட்டுக்காரரிடம். இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் அத்தாவின் நண்பர். காஷ்மீரின் குல்மார்க்கில், 1948-இல் பனிச்சறுக்குப் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் உயரமலைப் போர்ப் பள்ளியாக வளர்ந்த நிலையத்தில் பயிற்சி பெற்றவர். அங்கேதான் அவர் ‘பயத்லான்’ என்னும் பனி விளையாட்டைக் கற்றிருக்கிறார். அவர் ஒருநாள் நம்மை அழைத்து, “பாய், பிள்ளைக்குச் சுடக் கற்றுக்கொடுக்க வேண்டாம். சுடாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறேன். அதற்காவது சம்மதமா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நம்மால் மறுப்புச் சொல்ல இயலவில்லை.

அவர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியதுதான் அந்த மரத் துப்பாக்கி. குல்மார்க்கில் தாம் பயன்படுத்தியதை நினைவில் வைத்துத் தம் கையாலேயே செதுக்கியிருந்தார். அதில் ஒரு புதுமை இருந்தது. பொதுவாகப் பள்ளிப் பிள்ளைகள் சுடும் துப்பாக்கியில், ஒரு தோட்டா சுட்ட பிறகு அடுத்ததை ஏற்றுவதற்கு நான்கு அசைவுகள் வேண்டும்: போல்ட்டின் பிடியை மேலே தூக்குவது, பின்னால் இழுப்பது, முன்னால் தள்ளுவது, கீழே மடக்குவது. இவர் செதுக்கியதில் இரண்டே அசைவுகள். சுட்டுவிரலால் நேராகப் பின்னால் இழுத்தால் வெற்றுத்தோட்டா வெளியேறும். கட்டைவிரலால் முன்னால் தள்ளினால் அடுத்தது ஏறிக்கொள்ளும். தூக்குவதும் மடக்குவதும் இல்லை. இதை ‘நேர் இழுப்பு’ என்று தமிழில் சொல்லலாம்.

இந்த யோசனை பழையது. சுவிட்சர்லாந்து 1889-லும், ஆஸ்திரியா 1895-லும் தம் படைகளுக்கு நேர் இழுப்புத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தன. ஆனால், அதன் நுட்பம் முழுமையாகப் பயன்பட்டது விளையாட்டில்தான். பனிச்சறுக்கில் பல கிலோமீட்டர் விரைந்துவந்து, இதயம் தடதடக்க, 50 மீட்டருக்கு அப்பால் உள்ள ஐந்து வட்டங்களைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது அந்த வட்டத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர்; நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். குளிரில் விறைத்த விரல்களோடு ஒவ்வொரு முறையும் பிடியைத் தூக்கி மடக்கினால், கன்னம் கட்டையை விட்டு விலகும், குறி கலையும். 1978 முதல் அந்த விளையாட்டு .22 தோட்டாவுக்கு மாறியது. 1980-களில் ஜெர்மனியின் அன்சூட்ஸ் நிறுவனம், ஃபோர்ட்னர் என்பவர் வடிவமைத்த நேர் இழுப்பு அமைப்பைக் கொண்டுவந்தது. இன்று பயத்லான் வீரர் பெரும்பாலோர் கையில் இருப்பது அதுவே. தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு அந்த விளையாட்டில் இடமில்லை. ஒவ்வொரு தோட்டாவும் மனிதனின் கையால்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் அவனே பொறுப்பு. இந்த விதி நம் மனத்துக்கு உகந்ததாக இருந்தது.

சுபேதார் ஐயா முதல் மாதம் முழுவதும் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. துப்பாக்கியைத் தொடும்போதும், தூக்கும்போதும், கீழே வைக்கும்போதும் திடீரென்று கேட்பார்: “குழலின் முனை எந்தப் பக்கம்?” நம் மகள் உடனே சொல்ல வேண்டும். மரத் துப்பாக்கிதானே என்று ஒருமுறை அவள் அலட்சியமாகத் திருப்பியபோது, அன்றைய பாடத்தை அத்தோடு நிறுத்திவிட்டார். பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளோடு செல்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற நபிமொழியை அன்றிரவு நாம் மகளுக்குச் சொன்னோம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்டதும், அண்டை வீட்டுப் பெரியவர் சொன்னதும் ஒன்றே என்று அவள் வியந்தாள்.

இரண்டாம் மாதம் துப்பாக்கியை அவள் உடம்புக்குப் பொருத்தும் வேலை தொடங்கியது. பெரியவரின் தோளுக்காகச் செய்த பின்கட்டை, பதினைந்து வயதுச் சிறுமிக்கு நீளம். எட்டிப் பிடிக்கக் கழுத்தை நீட்டினாள்; தோள் நடுங்கியது. பின்கட்டையில் இரண்டு விரல் அகலம் அறுத்தெடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் இயல்பாகச் சாய்க்கச் சொன்னார். கண்ணைத் திறந்தபோது பார்வை குறிகாட்டி வளையத்தின் நடுவில் விழ வேண்டும். அவளுக்குக் கீழே விழுந்தது. கன்னம் படும் இடத்தில் மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஏழாவது தகட்டில் சரி என்றார். இடக்கை வழுக்காமல் நிற்க ஒரு தடுப்பு. முழங்கையின் பாரத்தைத் தாங்க ஒரு வார்.

இவற்றுக்குப் பின்னும் குறி நாளுக்கு நாள் மாறியது. காரணத்தைக் கண்டுபிடித்தவள் நம் மனைவி. முக்காட்டின் துணி ஒருநாள் ஒரு மடிப்பாகவும், மறுநாள் இரண்டு மடிப்பாகவும் கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டிருந்தது. மெல்லிய பருத்தித் துணியில், வலப்பக்கம் எப்போதும் ஒரே மடிப்பாக நிற்கும்படி முக்காடு ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். சுபேதார் ஐயா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “குல்மார்க்கில்கூட இப்படி ஒரு திருத்தம் யாருக்கும் தோன்றவில்லை” என்று சிரித்தார்.

நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. என்.சி.சி. துப்பாக்கியில் ஓர் ஆணியைக்கூட மாணவர் தொடக் கூடாது. அப்படியிருக்க, மரத் துப்பாக்கியைத் திருத்துவதால் என்ன பயன்? கேட்டோம். “பொருத்தம் என்றால் எப்படி இருக்கும் என்று உடம்புக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும், பாய். பிறகு பொருந்தாத துப்பாக்கி கையில் வந்தாலும், எங்கே பிசகுகிறது என்று உடம்பே சொல்லும்” என்றார். அவர் சொன்ன இன்னொரு நுட்பமும் மனத்தில் தங்கியது. குறி விலகியிருந்தால் கையால் துப்பாக்கியை இழுத்துச் சரிசெய்யக் கூடாது. படுத்திருக்கும் உடம்பு முழுவதையும் நகர்த்த வேண்டும். கையின் பலத்தால் பிடித்துவைத்த குறி, மூச்சு விட்டதும் போய்விடும். கிப்லாவை நோக்கி முகத்தை மட்டும் திருப்பிவிட்டு நிற்பவரை நாம் தொழுகைக்கு நின்றவராகக் கருதுவோமா என்று நினைத்துக்கொண்டோம்.

இந்தப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதுதான் தோட்டத்துப் பாதையில் சென்ற எவரோ அந்தப் படத்தை எடுத்தார்.

அன்று நாம் செய்த முதல் வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மரத் துப்பாக்கியைத் துணியில் சுற்றி, சுபேதார் வீட்டில் கொடுத்துவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு மலையிறங்கிவிட்டோம். வழியெல்லாம் அவள் அழவில்லை. “நான் என்ன தவறு செய்தேன், அத்தா?” என்று ஒருமுறை மட்டும் கேட்டாள். விடை நம்மிடம் இல்லை. தவறு இல்லாத இடத்தில் தண்டனை கொடுத்திருந்தோம்.

மூன்று வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஜமாஅத் பெரியவர்கள் சிலர் நம் வேண்டுகோளின் பேரில் கூடினார்கள். சுபேதார் ஐயா அழையாமலே வந்து சேர்ந்தார். மரத் துப்பாக்கியை மேசைமேல், முனை சுவரைப் பார்க்க வைத்தார். படத்தில் இருந்தது இதுதான் என்று தெரிந்ததும் அறையில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. அவர் அங்கே சட்டத்தையும் எடுத்துரைத்தார். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, இருபத்தொரு வயது நிரம்பாதவர் துப்பாக்கி உரிமம் பெற முடியாது. இளையோர் அனுமதிக்கப்பட்ட பயிற்சியில், மேற்பார்வையின் கீழ் மட்டுமே சுடலாம். உரிமம் இருந்தாலும் குழலைக் குட்டையாக்குவது முதலிய வேலைகளைத் தனி உரிமமின்றிச் செய்வது குற்றம். சொந்தத் துப்பாக்கியானாலும் விசையையும் போல்ட்டையும் உரிமம் பெற்ற வல்லுநர்தான் பழுதுபார்க்க வேண்டும். நாம் திருத்தக்கூடியது கன்னமும் தோளும் படும் இடத்தை மட்டுமே.

விளையாட்டைப் பற்றியும் பேச்சு வந்தது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர், இரண்டு ஒலிம்பிக்குகளில் நாட்டுக்காகச் சுட்ட இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர், 2024 பாரிஸில்.22 துப்பாக்கியால் மூன்று நிலைகளில் சுட்டு ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். இவற்றைக் கேட்ட முதியவர் ஒருவர், அஸ்லம் குலத்தார் இரண்டு அணியாகப் பிரிந்து அம்பெய்துகொண்டிருந்த நிகழ்ச்சியை நினைவூட்டினார். புகாரியில் வரும் செய்தி அது. நபி (ஸல்) அவர்கள் ஓர் அணியோடு இருப்பதாகச் சொன்னதும் மற்ற அணியினர் எய்வதை நிறுத்திவிட்டார்கள். உடனே, தாம் அனைவரோடும் இருப்பதாகச் சொல்லி அவர்களை ஊக்கப்படுத்தினார்கள். “நம் பிள்ளை நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பயிற்சி எடுக்கிறாள். நாம் எதற்கு ஒளிய வேண்டும்?” என்று அந்த முதியவர் முடித்தார். தொலைபேசியில் முதலில் அழைத்த பொறுப்பாளரே அந்தப் படம் சுற்றிய குழுக்களில் விளக்கம் எழுதினார். எல்லாரும் நம்பினார்களா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

மார்கழியில் தேர்வுச் சுடுதல் நடந்தது. இருபத்தைந்து கஜத் தொலைவு, படுத்த நிலை, ஐந்து தோட்டாக்கள். நான்கு குண்டுகள் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்படி விழுந்தன. ஐந்தாவது வெடிக்கவில்லை. .22 தோட்டாவில் வெடிமருந்தைத் தூண்டும் கலவை அதன் விளிம்புக்குள் பரவியிருக்கும். சுத்தியல் ஊசி தட்டுவது அந்த விளிம்பைத்தான். தட்டிய இடத்தில் கலவை குறைந்திருந்தால் ‘டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்கும். சில நேரம் சிறு தாமதத்துக்குப் பின் வெடித்தும்விடும். எனவே அசையாமல், குழலை இலக்கை நோக்கியே வைத்துக் காத்திருந்து, கையை உயர்த்த வேண்டும். நம் மகள் அப்படியே செய்தாள். அதே நேரம், அடுத்த வரிசையில் தோட்டா சிக்கிக்கொண்ட ஒரு மாணவி, காட்டுவதற்காகத் துப்பாக்கியோடு பின்னால் திரும்ப முற்பட, பயிற்சியாளர் பாய்ந்து குழலைத் தாழ்த்தினாராம். அந்தப் பரபரப்பில் நேரம் முடிந்தது. நம் மகளுக்கு நான்கு குண்டுகளே கணக்கில் வந்தன. அவள் தேர்வாகவில்லை.

இதை அவள் நம்மிடம் சொன்னது, அன்று மாலை ஏற்காட்டுப் பேருந்தில், இருபது கொண்டையூசி வளைவுகளில் ஏழாவதோ எட்டாவதோ கடக்கும்போது. சொல்லி முடித்ததும் அழுதாள். தோற்றதற்காக என்று நினைத்தோம். “அந்தப் பிள்ளை திரும்பும்போது முனை என் பக்கம் வந்தது, அத்தா. நான் அசையக் கூடாது என்று படுத்தே இருந்தேன். பயமாக இருந்தது” என்றாள். அவள் கையைப் பற்றிக்கொண்டோம். அந்த நொடியில் பேருந்தில் நம் அருகில் இருந்தது மகள் மட்டும் அல்ல. ஒன்பது வயதுத் தம்பியும்தான். முனை தன் பக்கம் திரும்புவதைப் பார்த்தவனின் அச்சத்தை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவள் வாயால் கேட்டோம்.

மிச்சமிருந்த வளைவுகளில், கொய்யா மரத்தின் கதையை முதன்முறையாக அவளிடம் சொன்னோம். ஏன் மறுத்தோம் என்பதையும் சொன்னோம். அவள் நீண்ட நேரம் பேசவில்லை. “சாச்சாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?” என்றாள்.

மாரமங்கலத்தில் இறங்கியதும் சுபேதார் ஐயா வாசலில் நின்றிருந்தார். மதிப்பெண் கேட்கவில்லை. “குழலின் முனை எந்தப் பக்கம் இருந்தது?” என்றுதான் கேட்டார். “இலக்கின் பக்கம், ஐயா. கடைசி வரைக்கும்” என்றாள். “அப்படியானால் நீ தேறிவிட்டாய்” என்று சொல்லி உள்ளே போனார்.

இஷாவுக்குப் பின் தம்பிக்குத் தொலைபேசியில் பேசினோம். அவன் திருப்பூரில் இருக்கிறான். சொல்ல வேண்டியதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னோம். சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு, “அண்ணே, அதை நான் அன்றைக்கே விட்டுவிட்டேன். நீங்கள்தான் இத்தனை நாள் சுமந்திருக்கிறீர்கள்” என்றான். அடுத்த பெருநாளைக்கு மலைக்கு வருவதாகவும் சொன்னான்.

அன்புப் பெற்றோரே! நம் பிள்ளைகள் துப்பாக்கி சுட வேண்டும் என்று சொல்ல நாம் இதை எழுதவில்லை. அவர்கள் கையில் எது வந்து சேர்ந்தாலும், அது வாகனமாக இருந்தாலும், கைபேசியாக இருந்தாலும், நாவாகவே இருந்தாலும், அதன் முனை யார் பக்கம் இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுப்போம். நாம் அச்சத்தால் ஒன்றை மறுக்கும்போது, அந்த அச்சத்தின் காரணத்தையும் அவர்களிடம் சொல்லிவிடுவோம். நாம் சொல்லாமல் வைத்திருந்த காரணமே, நம் வீட்டில் முப்பது ஆண்டுகளாக வெடிக்காமல் கிடந்த தோட்டா.

நம் கைகளையும் நாவுகளையும் பிறருக்குத் தீங்கு விளைவிக்காதவையாக வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.